தோட்டாப் பெட்டியைப் பிரிக்காமலே திரும்பி வந்தோம்

எங்கள் மாநிலக் காவலர் பயிற்சி ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் இரண்டு முறை அனுப்பிவிட்டேன். முதல் கடிதத்துக்கு, கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் வரவில்லை. அதனால் இம்முறை என் தாய்மொழியில், எல்லாரும் பார்க்க எழுதுகிறேன். ஆங்கிலப் படி உங்களுக்குத் தனியாக வரும். அமெரிக்க ராணுவத்தில் பிள்ளைகளைச் சேர்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்த மாநிலத்திலும் இருக்கின்றன. இன்று நான் நிற்கும் வாசலில் நாளை அந்தப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். ஓய்வுபெற்ற ராணுவக் காவலர்கள், அதாவது ராணுவத்துக்குள் போலீஸ் வேலை பார்த்தவர்கள், துப்பாக்கித் தகுதித் தேர்வை முடிக்க, ஆண்டுக்கு 4 நாள் உங்கள் சுடுதளத்தை எங்களுக்குத் திறந்துவிடுங்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, ஓய்வுபெற்ற காவலர்களுக்கான தேர்வு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, அதிகாலை 3 மணிக்குக் கிளம்பினேன். கூட வந்தவர் என் பழைய படைத்தோழர். இராக்கில் சாலை ரோந்தில் வெடித்த குண்டால் அவருடைய இடது முழங்கால் போய், அந்தக் காரணத்தாலேயே படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர். அரை மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, இறங்கி, காலை நீட்டி மடக்கினால்தான் அவரால் மேற்கொண்டு உட்கார முடியும். விடியும்போது போய்ச் சேர்ந்தோம். மேசையில் இருந்த அதிகாரி எங்கள் ஓய்வுபெற்ற ராணுவக் காவலர் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முரட்டுத்தனமாக ஒரு சொல்லும் பேசவில்லை. படிவத்தில் ஒரு கட்டத்தைச் சுட்டினார்: மாநிலக் காவலர் எண். அது எங்களுக்குக் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. "இது ராணுவ அட்டை, ஐயா. இங்கே மாநிலப் போலீஸுக்கு மட்டும்தான்" என்றார்.

தோழர் ஒன்றும் பேசவில்லை. மேசையில் எடுத்து வைத்திருந்த 50 தோட்டாக்கள் கொண்ட பெட்டியைப் பிரிக்காமலே கையில் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழி முழுக்க அது அவர் மடியில்தான் இருந்தது.

தகுதியுள்ள காவலர்கள், ஓய்வுபெற்ற பின்னும், எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமை தருவது, 2004 ஜூலையில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட காவல் அலுவலர் பாதுகாப்புச் சட்டம். அதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஒரு சொல்லால் நாங்கள் பட்டதைச் சொல்லியாக வேண்டும். சட்டப்படி "கைது செய்யும் அதிகாரம்" பெற்றிருந்தவர்களுக்கே அந்த உரிமை என்று எழுதினார்கள். ராணுவத்தில் நாங்கள் செய்த அதே வேலைக்குச் சட்டப் பெயர் வேறு. ஒருவனைப் பிடித்துக் காவலில் வைப்பது ராணுவ நீதிச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு. அங்கே "கைது" என்பது 9-ஆம் பிரிவு. இன்ன எல்லையைத் தாண்டாதே என்று ஒரு வீரனை உத்தரவால் கட்டுப்படுத்துவது. கையில் எம்.பி. (மிலிட்டரி போலீஸ்) என்ற பட்டையைக் கட்டிக்கொண்டு, நள்ளிரவில் குடியிருப்புக் கதவைத் தட்டி, குடிவெறியில் கத்தியோடு நின்றவனை விலங்கிட்டு இழுத்து வந்தவர்களைப் பார்த்து, நீங்கள் கைது செய்தவர்கள் இல்லை என்றார்கள். 8 ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சொல்லைச் சொல்லிப் பலருக்கு அட்டை மறுக்கப்பட்டது. 2013 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம்தான் 7-ஆம் பிரிவைப் பெயர் சொல்லிச் சேர்த்து அந்தத் தகராறை முடித்தது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முடித்து வைத்த தகராறை உங்கள் படிவத்தின் ஒரு கட்டம் மறுபடி திறக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

அட்டை மட்டும் கையில் இருந்து பயனில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். பணியில் உள்ள காவலருக்குரிய அளவுகோலில் கடந்த 12 மாதத்துக்குள் சுட்டுத் தேறியதற்கான சான்றும் உடன் இருக்க வேண்டும். பழைய படைப்பிரிவோ, மாநிலமோ, மாநிலக் காவலர்களுக்குத் தேர்வு நடத்தத் தகுதி பெற்ற பயிற்றுநரோ அதைத் தரலாம். நான் கடைசியாகப் பணியாற்றிய தளம் இங்கிருந்து 900 மைல். எங்கள் பகுதியில் உள்ள பயிற்றுநர் இருவரும், உங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்திட முடியாது என்கிறார்கள். ஆக, எந்தப் பக்கம் போனாலும் உங்கள் மேசைக்குத்தான் வந்து சேர்கிறோம்.

எதற்கு இந்த வயதில் துப்பாக்கி என்று கேட்பவர்கள் உண்டு. 2006-ல், மனைவியைக் கத்தியால் குத்திய ஒரு வீரரை நான் பிடித்தேன். ராணுவ நீதிமன்றத்தில் சாட்சி சொன்னேன். அவரை வெளியே கொண்டுபோகும்போது என் பக்கம் திரும்பி, உன் வீட்டைக் கண்டுபிடிப்பேன் என்றார். கான்சாஸில், லெவன்வொர்த் ராணுவச் சிறையில் இருந்த அவர் விடுதலையாகிவிட்டார் என்று சென்ற ஆண்டு எனக்குக் கடிதம் வந்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு, எழுந்து போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தாள். இன்றும் இரவில் இரண்டு முறை போய்ப் பார்க்கிறாள். மாநிலத்தின் சாதாரணத் துப்பாக்கி உரிமம் என்னிடம் இருக்கிறது. மகள் வீட்டுக்குப் போக மூன்று மாநில எல்லைகளைத் தாண்ட வேண்டும்; அவற்றில் இரண்டில் அந்த உரிமம் செல்லாது. 2004 சட்டம் வந்ததே இதற்காகத்தானே?

முன்னாள் படைவீரர் தினமான நவம்பர் 11 வந்தால் பள்ளிக்கூடத்தில் எங்களை மேடையேற்றுகிறார்கள். பிள்ளைகள் கொடி அசைக்கிறார்கள். கடைகளில் காபிக்குக் காசு வாங்குவதில்லை. அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மருத்துவமனை முதல் ஓய்வூதிய அலுவலகம் வரை, ஒவ்வொரு மேசையிலும் நான் யார் என்பதை மறுபடி முதலிலிருந்து நிரூபித்துக்கொண்டே இருக்கிறேன். 21 ஆண்டு சேவைக்கு நன்றி சொல்லும் நாடு, அந்தச் சேவை என்னவென்று தெரியாது என்கிறது. இதையெல்லாம் தீர்ப்பது உங்கள் பொறுப்பில்லை, மன்னிக்கவும். என் கோரிக்கைக்கே வருகிறேன்.

எங்களுக்குத் தேர்வு நடத்தியே தீர வேண்டும் என்று சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அறிவேன். சொந்தச் செலவில்தான் சுட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதற்குத் தயாராக இருக்கிறோம். தோட்டா எங்களுடையது. சுடுதளக் கட்டணம், பயிற்றுநரின் அன்றைய கூலி இரண்டையும் கட்டுகிறோம். விபத்து நேர்ந்தால் பொறுப்பு எங்களுடையது என்று எழுதித் தருகிறோம். தேறாதவர்களைத் திருப்பி அனுப்புங்கள். ஒருவரும் வாதாட மாட்டார்கள். அளவுகோலில் ஒரு புள்ளிகூடக் குறைக்க வேண்டாம். சுடும் கோட்டில் நிற்க விடுங்கள், போதும்.

ஆண்டுக்கு 4 நாள். அந்தக் கட்டத்தின் அருகில் "அல்லது ராணுவக் காவல் அடையாள அட்டை எண்" என்று ஒரு வரி. இவ்வளவுதான்.

என் சான்றிதழ் அக்டோபர் 30 அன்று காலாவதியாகிறது. தோழருடையது அதற்கு 9 நாள் முன்பே. அதற்குள் ஒரு தேதி குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கிழமையானாலும், எந்த நேரமானாலும் வருகிறோம். வழியில் அவருக்குக் கால் நீட்ட வேண்டியிருப்பதால், தேதியை ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவக் காவல் சார்ஜன்ட் ஒருவர்