வஜீர் சந்தையும் நீ கேட்ட வேலையும்

நைரோபி,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனாவுக்கு,

ஜூலைக் குளிருக்கு இங்கே ஒரு ஸ்வெட்டர் போதும் என்று அம்மாவிடம் சொல். இந்த ஊர் நம்ம ஏற்காட்டைவிடச் சற்று உயரம், அவ்வளவுதான்.

எம்.ஏ. முடித்ததும் ஆப்பிரிக்க அரசியல் ஆராய்ச்சி, சமரசப் பயிற்சிப் பக்கம் வரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா. ஆனால் கென்யாவில் தேர்தல் கலவரத்தை நிறுத்த, 2008 பிப்ரவரி 28 அன்று முன்னாள் ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னான் முன்னிலையில் அதிபர் கிபாக்கியும் எதிர்க்கட்சித் தலைவர் ஒடிங்காவும் கையெழுத்துப் போட்டார்களே, அதுதான் இந்த வேலை என்று நினைத்து வராதே. 1,100 பேருக்கு மேல் செத்த பிறகு வந்த கையெழுத்து அது. நீ முதலில் படிக்க வேண்டியது கென்யாவின் வடகிழக்கில் இருக்கும் வஜீர் மாவட்டத்தை.

1992-இல் வறட்சியும் குலச் சண்டையும் சேர்ந்துகொண்டபோது, அங்கே முதலில் சந்தையைத்தான் பெண்கள் கையில் எடுத்தார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று முடிவுகட்டி, அது நடக்கிறதா என்று தினமும் கண்காணிக்க ஒரு குழு வைத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருவர் டெக்கா இப்ராஹிம் அப்தி. 2007-இல் ரைட் லைவ்லிஹுட் என்ற சர்வதேச விருது பெற்றவர். சந்தை ஒழுங்கான பிறகுதான் குலப் பெரியவர்களைப் பேச உட்கார வைத்தார்கள். பேச்சை நடத்தச் சிறிய குலத்துப் பெரியவர்களை முன்னிறுத்தியது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அவர்கள் ஜெயிக்கப் பார்ப்பார்கள் என்ற பயம் பெரிய குலங்களுக்கு இருக்காது. 1993-இல் அல் ஃபத்தா பிரகடனம் என்ற சமாதான ஒப்பந்தம் வந்தது.

பயிற்சியில் நாம் சொல்லிக்கொடுப்பதும் இந்த வரிசையைத்தான்: முதலில் அன்றாடத் தேவை, பிறகு பேச்சு. "இது எங்கள் கிணறு, அவர்கள் வரக்கூடாது" என்பது நிலைப்பாடு. அதை உரித்துப் பார்த்தால் கோடையில் தன் மந்தைக்கு முறை கிடைக்குமா என்ற கவலை இருக்கும். தாகத்தோடு வரும் ஓர் ஒட்டகம் ஒரே மூச்சில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். ஐம்பது ஒட்டகம் முன்னால் நின்றால் பின்னால் நிற்பவனுக்குப் பாதி நாள் போய்விடும். அதனால் "தண்ணீரைப் பகிர்ந்துகொள்வோம்" என்று மட்டும் எழுதும் ஒப்பந்தம் நிற்காது. எந்தக் கிழமை எந்த மந்தை, பம்புக்கு டீசல் யார் பணம், சாவி யாரிடம், மீறினால் யார் விசாரிப்பது என்பது வரை எழுத வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, யார் யாருக்கு வேண்டியவர், யார் பகை என்ற வரைபடத்தை இரண்டு தரப்பும் பார்க்கச் சுவரில் ஒட்டுவது. "எங்களை ஏன் சின்ன வட்டமாகப் போட்டாய்" என்று அங்கேயே சண்டை மூளும். முதலில் தரப்புகளைத் தனித்தனியாகச் சந்தித்துத் தனித்தனியாக வரைய வேண்டும். இன்னொரு தவறு பேட்டா. வெளியூர் ஆட்களுக்கு ஒரு தொகை, உள்ளூர் ஆட்களுக்கு வேறு தொகை என்றால் பயிற்சி தொடங்கும் முன்பே நம்பிக்கை போய்விடும்.

ஆராய்ச்சிக்கு வந்தால் முதலில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு நாக்கோஸ்டி (கென்யாவில் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் அரசு ஆணையம்) உரிமம், அதன் பிறகு மாவட்ட ஆணையருக்கும் கல்வி இயக்குநருக்கும் கடிதம். வெளிநாட்டவரான உனக்கு இங்குள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பும் வேண்டும். இந்த வரிசை மாறினால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். பேட்டிக் குறிப்பேட்டில் பெயர் எழுதாதே. குறியீடு மட்டும் போடு. எந்தக் குறியீடு யார் என்ற தாளை வேறிடத்தில் வை. குறிப்பேடு தவறான கையில் சிக்கினால் உன்னிடம் பேசியவர் உயிருக்கே ஆபத்து.

நாடு தழுவிய கருத்துக்கணிப்பை வைத்து வஜீரைப் பற்றி எழுதிவிடாதே. 2019 மக்கள்தொகைக் கணக்குப்படி கென்யாவின் 4.76 கோடிப் பேரில் அங்கே ஏறக்குறைய 7.8 லட்சம் பேர்தான். 2,400 பேரிடம் கேட்டால் வஜீர்க்காரர்கள் நாற்பது பேர்கூடத் தேறமாட்டார்கள்.

இங்கே பேசும் சுவாஹிலி மொழியை இப்போதே படிக்கத் தொடங்கு. மணிக்கணக்கு நம் நாழிகை மாதிரி விடியலிலிருந்து எண்ணுவது. "ஸா ன்னே", அதாவது நாலு மணி என்று சொன்னால் காலை பத்து. இது தெரியாமல் கூட்டத்துக்கு மாலை நாலு மணிக்குப் போய் நின்றால் பெரியவர்கள் எழுந்து போயிருப்பார்கள்.

எந்த மாவட்டத்தை எடுக்க நினைக்கிறாய் என்று எழுது. வடமேற்கில் இருக்கும் துர்க்கானா என்றால் படிக்க வேண்டியவை வேறு, பட்டியல் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணன்