முருகேசனுக்கு, பாலம் அடைத்த கதை

அன்புள்ள முருகேசா,

மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று எழுதியிருந்தாய். நிம்மதி. பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். எடிசனில் எல்லோரும் சுகம். பெரியவள் வேலைக்குப் போகிறாள்.

கவர்னர் பதவியில் பட்ட கறை ஜனாதிபதி ஆசையைக் கெடுத்துவிடுமா என்று கேட்டாய். இங்கே கவர்னர் என்றால் ஓட்டு வாங்கி வருபவர், நம் முதலமைச்சர் மாதிரி. எங்கள் நியூ ஜெர்சியின் முன்னாள் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டியையே எடுத்துக்கொள்.

2012 சாண்டி புயலைச் சமாளித்த பிறகு அவர் கொடி பறந்தது. டெமாக்ரட்டுகளின் கோட்டையில் ரிபப்ளிக்கன்காரர் 60 சதவீத ஓட்டு வாங்கி 2013 நவம்பரில் மறுபடி ஜெயித்தார். ஆனால் வினை இரண்டு மாதம் முன்பே விதைத்தாயிற்று. செப்டம்பர் 9 காலை, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் பார்த்து, ஃபோர்ட் லீ என்ற ஊரிலிருந்து, நியூயார்க் போகும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு ஏறும் மூன்று தடங்களில் இரண்டை அடைத்துவிட்டார்கள். ஊரே ஸ்தம்பித்தது. ஐந்தாம் நாள்தான் திறந்தார்கள். கேட்டதற்கு 'போக்குவரத்து ஆய்வு' என்று பதில். டிசம்பரில் நிருபர்கள் கேட்டபோது, தடத்தை மறித்த கூம்புகளை நட்டதே நான்தான் என்று கிறிஸ்டி கிண்டலடித்தார்.

2014 ஜனவரியில் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 'ஃபோர்ட் லீயில் கொஞ்சம் டிராஃபிக் பிரச்சினை வர வேண்டிய நேரம்' என்று எழுதியிருந்தவர் அவருடைய அலுவலகத்து உயரதிகாரி. அந்த ஊர் மேயர், கவர்னர் தேர்தலில் கிறிஸ்டியை ஆதரிக்கவில்லை, அதற்குப் பழி. எனக்கு எதுவும் தெரியாது என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேட்டி கொடுத்தார் கிறிஸ்டி. அரசுத் தரப்பு அவர்மீது கடைசிவரை வழக்கு நடத்தவில்லை. ஆனால் தெரிந்திருந்தால் பொய்யர், தெரியாவிட்டால் சொந்த ஆபீஸில் நடப்பதே தெரியாதவர். கறாரான நிர்வாகி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்பவர் என்பதுதானே அவர் வைத்திருந்த ஒரே சரக்கு!

கோடிக்கணக்கில் ஊழல் என்றால்கூட ஜனங்கள் கணக்குப் புரியாமல் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதுவோ டிராஃபிக். மாட்டிக்கொள்ளாதவர் யார்?

2016 பிப்ரவரி, ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கிறிஸ்டிக்கு ஆறாவது இடம். மறுநாளே விலகினார். பாலம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். மாநிலத்தின் கடன் தரமதிப்பீடு பலமுறை இறங்கியிருந்தது. அதோடு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசும் இடத்தை டிரம்ப் பிடித்துவிட்டார். அவர்மீது இல்லாத புகாரா? ஒன்றும் ஒட்டவில்லை. யோக்கியன் என்று சொல்லி ஓட்டுக் கேட்பவனிடம்தான் ஜனங்கள் யோக்கியதையைத் தேடுகிறார்கள் போலிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பாலத்தை அடைத்ததற்காகத் தண்டனை பெற்ற கிறிஸ்டியின் ஆட்கள் இருவர்மீதான தீர்ப்பை 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. அதிகார துஷ்பிரயோகம்தான், ஆனால் பணம், சொத்துக்காகச் செய்யாததால் மத்திய மோசடிச் சட்டத்தில் வராது என்றார்கள். கிறிஸ்டி 2023-இல் மறுபடி இறங்கிப் பார்த்தார். 2024 ஜனவரியில், முதல் ஓட்டு விழுமுன்பே விலகிவிட்டார்.

பொங்கலுக்கு வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே எழுது.

அன்புடன்,
சேகர்