9 இலும் பிடிக்காத நூல்

அன்பின் சாந்தி,

சுகமாய் இருக்கிறியோ? இங்க எல்லாரும் சுகம். மாமிக்கு மட்டும் அதே முழங்கால், அதே எண்ணெய். போனில சொன்னால் நீ சிரிப்பாய், அதுதான் எழுதுறன்.

நல்லூர்க் கொடியேற 9 நாள்தான் கிடக்கு. 25 நாளும் பிள்ளையளுக்குப் புதுசு போடவெண்டு கனடாவில இருந்து வந்து நிக்கிற வீட்டுக்காரர் 14 சட்டை தைக்கத் தந்தவை. வெட்டி முடிச்சு, விளிம்பைச் சுத்தித் தைக்கிற ஓவர்லொக் மெசினில போட்டால் தையல் பல்லிளிக்குது. தைச்ச மூட்டின்ர ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்க, நடுவில நூல் ஏணிப்படி மாதிரித் தெரியுது. மறுபக்கம் தொளதொளவெண்டு வளையம்.

ஊசி நூலுக்கு இறுக்கம் காணாது, வேற என்ன? இடது ஊசியின்ர திருகைக் கூட்டினன். 4 இல இருந்து 5, 6, கடைசியில 9. ஒரு மாற்றமும் இல்லை. விட்டனானோ? விளிம்பில நூலை வளைச்சுப் பின்னுற லூப்பர் ரெண்டிலயும் கை வைச்சன். மேல் லூப்பர் நூல் விளிம்பைத் தாண்டிக் கீழ போய்ச் சுருண்டுது. கீழதை இளக்க, அது மேல ஏறி வந்துது. ரெண்டும் துணியின்ர விளிம்பில சந்திக்கோணும், ஒரு நேரத்தில ஒரு திருகு, அதுவும் அரை இலக்கம் எண்டு எத்தினை பெட்டையளுக்குச் சொல்லிக் குடுத்த வாயடி இது! மூண்டு நாள் போச்சு.

மூண்டாம் நாள் பின்னேரம் என்னட்டை வேலைக்கு வாற பிள்ளையில பாய்ஞ்சன். நீதானே திருகுகளை நோண்டினனி எண்டு கேட்டன். அவள் வாய் திறக்கேல்லை. கத்தரிக்கோலைத் தன்ர இடத்தில வைச்சு, பாவாடையில ஒட்டின நூலைத் தட்டிப்போட்டுப் போட்டாள்.

இரவு நித்திரை வரேல்லை. எழும்பி நாலு நூலையும் அறுத்து, நாலு நிறத்தில போட்டன். லூப்பர் ரெண்டும் முதல், ஊசி கடைசி. கண்ணாடி போட்டும் கீழ் லூப்பர் ஓட்டை பிடிபட அரை மணித்தியாலம். எல்லாத் திருகையும் 4 இல விட்டு ஒரு வெட்டுத்துண்டை ஓட்டினன். மூட்டு இழுக்க இழுக்க இறுக்கமாய் நிண்டுது! எனக்கு விசர் பிடிச்சுது. திருகில பிழை இல்லையெண்டால் வேற எதில?

பேந்துதான் விளங்கிச்சு. துணியை அமத்துற கால் கீழ நிண்டால் நூலை இறுக்கிப் பிடிக்கிற ரென்சன் தட்டு ரெண்டும் ஒட்டிக் கிடக்கும், தூக்கினால்தான் விரியும். காலைத் தூக்காமல் நூல் கோத்தால் அது தட்டுக்குள்ள இறங்காமல் மேலால ஓடும். பிறகு 9 என்ன, 90 என்ன? வேணுமெண்டே காலை இறக்கிப்போட்டு இடது ஊசி நூலைத் திரும்பக் கோத்துக் கையால இழுத்துப் பார்த்தன். வெண்ணெயில மயிர் இழுத்த மாதிரி வந்துது.

அண்டைக்கு அந்த நூல் அறுந்தது நீ போனில நிண்ட நேரம். உன்ர மருமகளின்ர கதையைக் கேட்டுக்கொண்டு, தோளில போனை இடுக்கிப்போட்டு, காலைத் தூக்காமல் கோத்தது நான்தான். அந்தப் பிள்ளை அண்டைக்கு மெசினுக்குக் கிட்டவும் வரேல்லை.

நாளைக்குக் காலமை கொக்குவிலுக்கு அவளின்ர வீட்டை போறன். "வா பிள்ளை" எண்டு கூப்பிட வாய் வருது. "பிழை என்னில" எண்டு சொல்லத்தான் இரவு முழுக்கப் பழகுறன். தாய் வாசலில நிண்டால் இன்னும் கஷ்டம்.

மருமகள் கதையின்ர மிச்சத்தை எழுதி அனுப்பு. 14 சட்டையும் முடியுமட்டும் போன் எடுக்காதை.

உன்ர,
கமலா