என்.டி.ஏ. தயாரிப்பு பிளஸ் ஒன்னில் தொடங்க வேண்டும்: மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

முப்படைகளின் அதிகாரிகளை உருவாக்கும், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கும் (என்.டி.ஏ.) கேரளத்தின் எழிமலைக் கடற்படை அகாடமிக்கும் சேர்த்து யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 400 இடங்கள். இந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறவர்கள் நாங்கள். படிப்பில் பின்தங்கி வாய்ப்பை இழப்பவர்கள் உண்டுதான். ஆனால் தேதி தெரியாமல், சான்றிதழில் பெயர் ஒத்துப்போகாமல், கண்ணிலோ காதிலோ இருந்த குறையை முன்பே பார்க்காமல், மனதில் உள்ளதை நாலு பேர் முன் சொல்லிப் பழகாமல் இழப்பவர்களைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. இவை ஒவ்வொன்றையும் பள்ளியிலேயே, பெரிய செலவில்லாமல் சரிசெய்துவிடலாம். அதற்காகவே இந்த மடல்.

முதலில் தேதி. தேர்வு ஏப்ரலிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. ஏப்ரலில் எழுதித் தேர்வாகிறவர் அடுத்த ஜனவரியிலும், செப்டம்பரில் எழுதுகிறவர் அடுத்த ஜூலையிலும் பயிற்சியில் சேர்கிறார். வயதைத் தேர்வு நாளை வைத்துக் கணக்கிடுவதில்லை. பயிற்சி தொடங்கும்போது 16½ முதல் 19½ வயதுக்குள் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல பள்ளிகள் கவனிப்பதில்லை. 2025-26 கல்வியாண்டில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவர் 2008 ஆகஸ்டில் பிறந்தவர் என்றால் அவருக்கு 2025 செப்டம்பர், 2026 ஏப்ரல், 2026 செப்டம்பர், 2027 ஏப்ரல் என நான்கு வாய்ப்புகள். அதே வகுப்பில் 2008 ஜூனில் பிறந்தவருக்கு மூன்றுதான். பிளஸ் டூ முடித்த பிறகு இந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்படுகிற இருவரும் ஆளுக்கு இரண்டு வாய்ப்புகளை எழுதாமலேயே தொலைத்திருப்பார்கள்.

செப்டம்பர் தேர்வுக்கான விண்ணப்பம் மே கடைசியில் திறந்து ஜூன் நடுவில் மூடிவிடும். உங்கள் பிள்ளைகள் கோடை விடுமுறையில் இருப்பார்கள், அல்லது பள்ளி திறந்த பரபரப்பில் இருப்பார்கள். ஆகவே பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே அவர்களிடம் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் தேர்வுக்கான விண்ணப்பம் டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு நேரத்தில் வரும். கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும் அதுவும் கிடையாது.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும்தான் யு.பி.எஸ்.சி.க்கு ஆதாரம். நம் ஊரில் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் எழுத்துக்கூட்டலே வேறாக இருக்கும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நாளில் இதைத் திருத்துவது உங்கள் கையில் ஐந்து நிமிட வேலை. சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை அலைய வேண்டும், அதற்குள் விண்ணப்பக் கெடு போய்விடும். நேர்முகத் தேர்வு வாரியத்துக்கு அசல் சான்றிதழ்களோடு போக வேண்டும் என்பதையும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள். பல கல்லூரிகள் சேர்க்கையின்போதே அசல்களை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அழைப்பு வந்த பிறகு அவற்றைத் திரும்ப வாங்க முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

இனி எழுத்துத் தேர்வு. கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். கணிதத்தில் 120 கேள்விகள், கேள்விக்கு 2.5 மதிப்பெண். பொதுத்திறனில் 150 கேள்விகள், கேள்விக்கு 4 மதிப்பெண். அதில் 50 ஆங்கிலம், 100 பொது அறிவு. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. நான்கு விடைகளில் இரண்டைத் தவறென்று உறுதியாக ஒதுக்க முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது லாபம்தான். ஒன்றுமே தெரியாமல் குறிப்பது வீண்.

இந்தத் தேர்வு மலையளவு உயரமானது என்ற பயம் ஆசிரியர்களிடமே இருக்கிறது. 2022, 2023-ஆம் ஆண்டுத் தேர்வுகளில் நேர்முகத்துக்கு அழைக்கப்படத் தேவைப்பட்ட மதிப்பெண் 900-க்கு 292 முதல் 360 வரைதான், அதாவது நாற்பது சதவீதமோ அதற்கும் குறைவோ. ஆனால் ஒவ்வொரு தாளிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். பொதுத்திறனில் அள்ளிக்கொண்டு கணிதத்தில் கோட்டை விட்டால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

நம் பாடநூல்கள் இந்தக் கணிதத் தாளுக்குப் பெரும்பாலும் போதுமானவை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: சில பகுதிகள் மாணவர் படிக்காத பாடப்பிரிவின் புத்தகத்தில் கிடக்கின்றன. இருமஎண் மாற்றம் கணினி அறிவியலில் இருக்கிறது. இரண்டு அளவுகளுக்கு இடையிலான தொடர்பைக் கணக்கிடும் ஒட்டுறவும் தொடர்புப் போக்கும் வணிகக் கணிதப் புத்தகத்தில் இருக்கின்றன. உயரமும் தூரமும் பத்தாம் வகுப்போடு போய்விடுகிறது. உயிரியல்-கணிதம் எடுத்த மாணவரிடம் இந்த மூன்றையும் கையில் கொடுத்துவிட்டால் பாதி அச்சம் நீங்கும். பொதுத்திறன் தாளின் பொது அறிவுப் பகுதியில் இயற்பியல் சுமார் 25 சதவீதம், வேதியியல் 15, வரலாறு 20, புவியியல் 20. அறிவியல் பிரிவு மாணவர்கள் வரலாற்றையும் புவியியலையும் பத்தாம் வகுப்போடு மூடிவிடுவதால் அந்த நாற்பது சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இழக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகங்களை மீண்டும் ஒருமுறை படித்தாலே நிலைமை மாறும். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. தமிழ்வழி மாணவருக்கு இது உண்மையான பாரம்; அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. அவர்களுக்குக் கணித, அறிவியல் கலைச்சொற்களின் ஆங்கிலப் பட்டியலைப் பிளஸ் ஒன்னிலேயே கொடுங்கள். பழைய கேள்வித்தாள்கள் யு.பி.எஸ்.சி. இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. அச்செடுத்து நூலகத்தில் வையுங்கள்.

எழுத்தில் தேறியதும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ராணுவத்தின் ஆள்சேர்ப்பு இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தேறிய மகிழ்ச்சியில் இதை விட்டுவிட்டால் அழைப்புக் கடிதம் வராது.

எஸ்.எஸ்.பி. எனப்படும் நேர்முகத் தேர்வு வாரியம் ஐந்து நாள் நடக்கும். அதற்கும் 900 மதிப்பெண். முதல் நாளே வடிகட்டல். நுண்ணறிவுக் கேள்விகள் முடிந்ததும் ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுதி, ஒரு நிமிடத்தில் குழுவின் முன் சொல்லி, பிறகு குழுவாக ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். அன்று மாலையே திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம். நம் பிள்ளைகள் இங்கே விழுவது இரண்டு விதமாக. ஒரு சாரார் குழு சத்தமாகப் பேசத் தொடங்கியதும் வாயே திறப்பதில்லை. இன்னொரு சாரார் பயிற்சி மையம் சொல்லிக்கொடுத்தபடி முதல் ஆளாகக் கத்துகிறார்கள். மூன்றாவது ஆளாகப் பேசினாலும், முன்னவர் சொன்னதைக் கேட்டு அதில் ஒன்றைச் சேர்க்கிறவரே கவனிக்கப்படுகிறார்.

இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. பன்னிரண்டு படங்கள், அதில் கடைசி வெற்றுத் தாள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடத்தில் ஒரு கதை. பிறகு 60 சொற்கள்: ஒரு சொல்லுக்கு 15 விநாடி, அதற்குள் படித்து, தோன்றியதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். பிறகு 60 சூழ்நிலைகள்; ஒவ்வொன்றிலும் என்ன செய்வீர்கள் என்று எழுத மொத்தம் 30 நிமிடம். தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறவர் இந்த வேகத்தில் பாதியை விட்டுவிடுவார். பிளஸ் ஒன் ஆங்கில வகுப்பில் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்கினால், ஒரு வருடத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களை நேரடியாக எழுதும் பழக்கம் வந்துவிடும். இலக்கணம் சற்றுப் பிசகினாலும் கவலையில்லை. காலியாக விட்ட இடத்தில் அவரைப் பற்றி எதையும் படிக்க முடியாது.

அடுத்த இரண்டு நாள் களப் பணிகள். பலகை, மரக்கட்டை, கயிறு இவற்றை வைத்துக் குழுவாகத் தடைகளைக் கடப்பது. தனியாகப் பத்துத் தடைகளை மூன்று நிமிடத்தில் முடிப்பது. மூன்று நிமிடம் யோசித்து மூன்று நிமிடம் பேசுவது. இடையில் தனி நேர்காணல். அதில் வரும் கேள்விகள் அவரே நிரப்பிய தகவல் படிவத்திலிருந்துதான் கிளம்பும். படிவத்தில் பொழுதுபோக்கு ‘சதுரங்கம்’ என்று எழுதியவரிடம் கடைசியாக யாரோடு ஆடினீர்கள் என்று கேட்பார்கள். மாடு மேய்த்ததையும் அப்பாவின் கடையில் கணக்கு எழுதியதையும் மறைத்துவிட்டு, கேட்டால் சொல்லத் தெரியாத பொழுதுபோக்கை எழுதும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துங்கள். குடும்பத்துக்காகச் சுமந்த பொறுப்பு அவர்களுடைய உண்மையான பலம்.

மனப்பாடமாக வார்த்துத் தரப்பட்ட விடைகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறோம். உளவியலாளர், களப்பணி அதிகாரி, நேர்காணல் அதிகாரி மூவரும் ஒருவரையொருவர் கேட்காமல் தனித்தனியே மதிப்பிட்டு, ஐந்தாம் நாள்தான் ஒன்றாக அமர்கிறார்கள். எழுத்தில் ஒரு ஆள், களத்தில் வேறு ஆள், நேர்காணலில் மூன்றாவது ஆள் என்று தெரிந்தால் முடிவு அங்கேயே எழுதப்பட்டுவிடும். வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசும் முறையைச் சுழற்சியில் எல்லாருக்கும் கொடுங்கள். பேச்சுப் போட்டிக்கு வழக்கமாகப் போகும் பிள்ளைக்கே திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

மருத்துவத்தில் விழுவதுதான் எங்களை மிகவும் வருத்துவது. ஐந்து நாளும் தேறி, பரிந்துரை வாங்கிய பிள்ளை காதில் அழுக்கு இருந்ததால் ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதப்பட்டு அலைகிறது. தேர்வு அறிவிப்பே இவற்றை முன்கூட்டிச் சரிபார்க்கச் சொல்கிறது: காதழுக்கு, மூக்குத் தண்டு வளைவு, விரைவீக்கம், மூலம், டான்சில், ஆண்களுக்கு மார்பு பெருத்தல், விதைப்பை நரம்புப் புடைப்பு, கூடுதல் அல்லது குறைந்த எடை. அரசு மருத்துவமனையில் ஒரு காலைப் பொழுதில் இவற்றைப் பார்த்துவிடலாம். அறுவை தேவைப்பட்டால் ஆறுவதற்கும் நேரம் வேண்டும், அதனால்தான் பிளஸ் ஒன் என்கிறோம். நிறப்பார்வைச் சோதனையை எல்லாவற்றுக்கும் முதலில் செய்துவிடுங்கள். அந்தக் குறைக்குச் சிகிச்சை இல்லை. மூன்று வருடம் ஆசைப்பட்ட பிறகு தெரிவதைவிட அன்றே தெரிந்து வேறு வழி பார்ப்பது நல்லது. முட்டிகளைச் சேர்த்து நிற்கச் சொல்லி உள்கணுக்கால்களுக்கு இடையே அளந்து பாருங்கள்: ஆண்களுக்கு 5 செ.மீ.க்கு மேல் இருந்தால் சிக்கல். தட்டைப் பாதம் போலத் தெரிந்தாலும் குதிகாலைத் தூக்கி நிற்கும்போது வளைவு திரும்பி வந்தால் பயமில்லை. கண்ணாடி அணிந்தவர்கள் தரைப்படைக்கு முயலலாம், வரம்பு உண்டு. விமானிப் பிரிவுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டால் போதும் என்று யாரோ சொல்வதை நம்பி விடக் கூடாது, என்.டி.ஏ. வழியில் அது தகுதி நீக்கும். தகுதியில்லை என்று எழுதப்பட்டால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவை அணுகலாம்.

விமானிப் பிரிவை விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமானித் தேர்வுக்கான கணினிச் சோதனை வாழ்நாளில் ஒரே முறை. அதில் தவறினால் மறுமுறை கிடையாது. தூக்கம் கெட்டு, ரயிலில் நின்றுகொண்டே போய் இறங்கி அதை எழுத விடாதீர்கள்.

உடல் தயாரிப்புக்கு அறிவிப்பில் உள்ள அளவே போதும்: 2.4 கி.மீ. ஓட்டம் 15 நிமிடத்தில், தண்டால் 20, சிட்-அப் 20, சின்-அப் 8, கயிறு ஏறுதல் 3 முதல் 4 மீட்டர். உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் ஆறு மாதத்தில் ஆகிற காரியம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அவர்களுக்கு இந்தத் தேர்வு திறந்தது. 2022-ல் முதல் அணி சேர்ந்து, 2025 மே மாதம் 17 பேர் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். பெண்களுக்கான இடங்கள் இன்னும் குறைவு என்பதால் தகுதிப் பட்டியலில் மேலே நிற்பது அவசியம். கலை, வணிகவியல் பிரிவு மாணவர்களும் தரைப்படைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் கணிதத் தாளில் சலுகை எதுவும் இல்லை. விமானப்படைக்கும் கடற்படைக்கும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் இருக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். படிப்பு, தங்குமிடம், உணவு எல்லாம் அரசுச் செலவு. மூன்று வருட முடிவில் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் (ஜே.என்.யு.) பட்டம். என்.டி.ஏ.வில் இருக்கும்போது கைச்செலவுப் பணம் மட்டும் வீட்டிலிருந்து போக வேண்டும், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் உதவி உண்டு. அதற்குப் பிந்தைய அதிகாரிப் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். தன் விருப்பத்தால் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைப் பெற்றோரிடம் வசூலிக்கலாம் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் நாளில் முதன்முறையாக அதைப் படிக்கிற அப்பா பயந்து பிள்ளையைத் திருப்பி அழைத்து வந்துவிடக் கூடாது.

வரும் மார்ச்சுக்குள் உங்கள் பள்ளியின் பிளஸ் ஒன் வகுப்புகள் ஒவ்வொன்றிலும், விண்ணப்ப மாதங்களையும் அந்த ஆண்டுக்குப் பொருந்தும் பிறந்த தேதி எல்லையையும் எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே சந்தேகம் கேட்க ஒரு ஆசிரியரின் பெயரையும் போடுங்கள்.

இப்படிக்கு,
படைத்துறைத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்துவோர்