ஜூலை 4 அணிவகுப்பும் கோடைப் பயணங்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். மாசசூசெட்ஸில் உள்ள நம் தமிழ்ப் பள்ளியில் இன்னொரு கல்வியாண்டு நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. ஆண்டு விழா சிறப்பாக நடந்தது. திருக்குறள் ஒப்பித்தலில் பிள்ளைகள் அசத்தினார்கள். எல்லா நிலைகளுக்கும் தேர்வு முடிந்து மதிப்பெண் அட்டைகள் வந்து சேர்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், பனியில் நின்று கார்களை ஒழுங்குபடுத்திய தன்னார்வலர்களுக்கும் பள்ளியின் நன்றி.

இனி ஜூலை 4. இந்த ஆண்டு சனிக்கிழமை வருகிறது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்துக்கு 250 வயது நிறைகிறது. நம் ஊர் அணிவகுப்பில் நம் பள்ளியும் நடக்கிறது. பெரிய பிள்ளைகள் பறை அடிப்பார்கள், அடுத்த நிலையினர் சிலம்பம் சுற்றுவார்கள், சின்னவர்கள் கொடி பிடித்து வருவார்கள். நகர மன்றத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்தபோது ஆசிரியர் அறையே குதூகலித்தது.

அந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

மே மாத இறுதியில் வந்த மெமோரியல் டே விடுமுறைக்குப் பல குடும்பங்கள் வெளியூர் போய் வந்தீர்கள். போகத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு வகுப்பில் ஒரு குழந்தை மேசையில் தலை சாய்த்துப் படுத்திருந்தது. ஆசிரியர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சூடு இல்லை. ஆனால் உதட்டோரத்தில் இளஞ்சிவப்பு மருந்தின் கறை காய்ந்து ஒட்டியிருந்தது. கேட்டபோது, "மருந்து குடித்திருக்கிறேன், மத்தியானம்தான் மறுபடியும் காய்ச்சல் வரும்" என்று அந்தக் குழந்தை தெளிவாகச் சொன்னது. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்த வகுப்பில் பாதி இருக்கைகள் காலி. பாடம் எடுத்த ஆசிரியருக்கும் காய்ச்சல், அவர் வீட்டுக் கைக்குழந்தைக்கும் காய்ச்சல்.

யார் வீட்டுக் குழந்தை என்று தேடுவது என் நோக்கம் அல்ல, தயவுசெய்து நீங்களும் தேட வேண்டாம். இது ஒரு வீட்டுப் பழக்கமும் அல்ல. வகுப்பைத் தவறவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் நாம் இப்படிச் செய்கிறோம். அந்த அக்கறைக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் மருந்து காய்ச்சலைத் தணிக்குமே தவிர, அடுத்த பிள்ளைக்குத் தொற்றுவதைத் தடுக்காது.

ஆகவே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். வாந்தி, பேதி என்றால் அதுவும் நின்று 24 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பயிற்சிக்கும் இதுதான் விதி, ஜூலை 4 காலைக்கும் இதுதான் விதி. "புது உடை தைத்தாயிற்று", "தாத்தா பாட்டி பார்ப்பதற்கென்றே வந்திருக்கிறார்கள்" என்பவை காரணங்கள் ஆகா. உடல்நலம் சரியில்லாத பிள்ளையை வரிசையில் நிறுத்த மாட்டோம்; அங்கிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நிர்வாகக் குழுவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் விலக்கு இல்லை.

கொண்டாட்டத்துக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நம் மாநில வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1776 ஜூலையில், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் பிலடெல்பியாவில் இருந்தார். இந்த நாளை அணிவகுப்புகளோடும் ஒளியலங்காரத்தோடும் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடுவார்கள் என்று மனைவி அபிகெயிலுக்கு எழுதினார். (அவர் குறிப்பிட்டது ஜூலை 2-ஐ, சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பு அன்றுதான் நடந்தது.) அபிகெயிலோ அந்த மாதம் 12-ஆம் தேதி நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தங்கள் ஊரான பிரெய்ன்ட்ரீயிலிருந்து பாஸ்டனுக்குப் போனார், பெரியம்மைக்குக் குத்திக்கொள்ள. அது தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலம். அம்மைக் கொப்புளத்தின் சீழைத் தோலில் கீறி ஏற்றி, நோயை மிதமாக வரவழைக்கும் முறை அது. குத்திக்கொண்டவரிடமிருந்து பிறருக்கும் தொற்றும். பிரகடனம் பாஸ்டனின் அரசு மாளிகையான ஸ்டேட் ஹவுஸ் மாடத்திலிருந்து ஜூலை 18 அன்று வாசிக்கப்பட்டபோது கீழே கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் அபிகெயிலும் ஒருவர். மகன் சார்லஸுக்கு அம்மை கடுமையாகவே கண்டது. பிள்ளைகள் தேறி வீடு திரும்பச் செப்டம்பர் ஆகிவிட்டது. மறு ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டன் தன் படை முழுவதற்கும் இதே முறையில் குத்த உத்தரவிட்டார். குத்திக்கொண்ட வீரர்கள் தேறும்வரை மற்றவர்களிடமிருந்து பிரித்தே வைக்கப்பட்டார்கள். நம் 24 மணி நேர விதியின் நோக்கமும் அதேதான். பழைய ஸ்டேட் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. ஒவ்வொரு ஜூலை 4 அன்றும் அதே மாடத்திலிருந்து பிரகடனத்தை வாசிக்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் குடும்பங்கள் ஒருமுறை பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

அணிவகுப்புக்குப் பட்டுப்பாவாடை வேண்டாம். ஜூலை வெயிலில் தார்ச்சாலையில் நடக்கப் பருத்தி போதும்; தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம். மத்தாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தீபாவளிப் பழக்கத்தில் கம்பி மத்தாப்பைச் சின்னக் கைகளில் கொடுத்துவிடுகிறோம். அதன் முனை ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸில் எரிகிறது. தவிர, மாசசூசெட்ஸில் கம்பி மத்தாப்பு உட்பட எல்லாப் பட்டாசும் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டவை. பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் கடையில் வாங்கி வந்தாலும் சட்டம் அதேதான். இதை ஏன் எழுதுகிறேன் என்பது சிலருக்குத் தெரியும்.

கேப் காட் (Cape Cod) கடற்கரைப் பக்கமோ மலைப்பக்கமோ போகிறவர்கள் மாலையில் பிள்ளைகளின் காதுமடலுக்குப் பின்னால், முழங்கால் மடிப்பில், தலைமுடிக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். ஒட்டிய ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.

கடல் கடந்து சொந்த ஊருக்குப் போகிறவர்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். "நாங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்தானே" என்று டைபாய்டு ஊசியைத் தள்ளிப்போடுகிறோம். வளர்ந்தது நாம், பிள்ளைகள் வளர்வது இங்கே. அந்த ஊசியைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், டிக்கெட் எடுக்கும்போதே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுவது நல்லது. மலேரியா மாத்திரை தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள் தட்டம்மைத் தடுப்பூசியைப் பற்றி அவசியம் கேளுங்கள்: வெளிநாட்டுப் பயணம் என்றால் ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கே ஒரு தவணை முன்கூட்டிப் போடுகிறார்கள். தட்டம்மை கண்டவர் அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும். விமான நிலையத்தில் யார் பக்கத்தில் உட்காருகிறோம் என்று நமக்குத் தெரியப்போவதில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று சிலருக்குத் தோன்றலாம். மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். பிள்ளை மூலம் வீட்டுக்குப் போகும் காய்ச்சல் பெரியவர்களைத்தான் முதலில் படுக்க வைக்கிறது. இதைப் புரிந்துகொண்டு, உடல்நலம் சரியில்லாத நாளில் முதல் நாள் இரவே செய்தி அனுப்பிவிடும் பெற்றோர் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு மனமார்ந்த நன்றி. வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பாடத்தை வீட்டுக்கே அனுப்பிவைக்க ஆசிரியர்கள் முன்வந்திருக்கிறார்கள். அணிவகுப்புக்கு வர முடியாமல் போகும் பிள்ளைக்கு ஆகஸ்டு மாதப் பள்ளி விருந்தில் பறையடிக்கவோ சிலம்பம் சுற்றவோ தனி இடம் ஒதுக்குவோம். ஆகவே யாரும் ஏமாற்றத்தோடு இருக்க வேண்டியதில்லை.

ஜூலை 4 காலை நூலக வாசலில் கூடுவோம். நேரத்தை நகர மன்றம் உறுதிசெய்ததும் தெரிவிக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பின்குறிப்பு: பயிற்சிக்கு வீட்டுக்கு எடுத்துப்போன பறைகள் சில இன்னும் திரும்பவில்லை. பயணம் கிளம்புவதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.