ஸ்பூன் கணக்கை விட்டு மி.லி. கணக்குக்கு வருவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 2025இல் நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, ‘இது நல்ல மருந்துதானா?’ என்று கேட்காத பெற்றோர் இல்லை. கேட்க வேண்டியதுதான். ஆனால் நல்ல மருந்தையே தப்பான அளவில் கொடுப்பது வீடுகளில் அன்றாடம் நடக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறோம்.

காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில், ஒரே படம் போட்ட அட்டைப்பெட்டியில் மூன்று விதமாக வருகிறது. சாதா சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. மருந்து இருக்கும். ‘டி.எஸ்.’ என்றோ ‘250’ என்றோ போட்டிருப்பதில் அதே 5 மி.லி.க்கு 250 மி.கி. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. புட்டி சிறியது, அதனால் மருந்தும் லேசானது என்று நினைக்கிறார்கள். உண்மையில் மூன்றில் வீரியம் கூடியது அதுதான்.

ஒரு வேளைக்குத் தர வேண்டியது, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 150 மி.கி. வருகிறது. 125 சிரப்பில் அது 6 மி.லி. 250 சிரப்பில் 3 மி.லி. டிராப்ஸில் ஒன்றரை மி.லி. போன தடவை 125 வாங்கிய வீட்டில் இந்தத் தடவை மெடிக்கலில் 250 கொடுத்திருப்பார்கள். வீட்டில் பழைய ஞாபகத்தில் 6 மி.லி. ஊற்றினால் குழந்தைக்குள் போவது இரட்டை அளவு. டிராப்ஸைச் சிரப் என்று நினைத்து 5 மி.லி. மூடியில் ஊற்றிக் கொடுத்தால் 500 மி.கி. அது பெரியவர்கள் போடும் முழு மாத்திரை ஒன்றுக்குச் சமம். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைத் தாக்கும். முதல் நாள் குழந்தை நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும்போதுதான் தெரியவரும். அதனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை ஸ்பூன்?’ அல்ல. ‘எந்தப் புட்டியில், எத்தனை மி.லி.?’ என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

வீட்டு ஸ்பூனை நம்பவே கூடாது. பாயச ஸ்பூன், சர்க்கரை டப்பா ஸ்பூன், ஹார்லிக்ஸ் ஸ்பூன் என்று ஒவ்வொன்றும் ஓர் அளவு. சிலது 3 மி.லி. கொள்ளும், சிலது 7 மி.லி.க்கு மேலும் கொள்ளும். புட்டியோடு வரும் மூடியில் 2.5, 5, 10 என்று கோடு இருக்கும். ஆனால் அந்தக் கோடு மங்கல், மேலிருந்து எட்டிப் பார்த்தால் கண் ஏமாற்றும். மேசைமேல் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அதைவிட ஊசியைக் கழற்றி எறிந்த 5 மி.லி. சிரிஞ்சு உத்தமம். அதில் ஒவ்வொரு மி.லி.க்கும் கோடு உண்டு, காற்றுக்குமிழியைத் தள்ளிவிட்டால் அளவு துல்லியம். நுனியில் சிறு மூடி இருந்தால் அதையும் எறிந்துவிடுங்கள், குழந்தையின் தொண்டைக்குள் போய்விடும். டிராப்பரை அது வந்த புட்டிக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். ஒன்றின் சொட்டும் இன்னொன்றின் சொட்டும் ஒரே அளவல்ல.

கொடுக்கும் விதமும் முக்கியம். குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சிரிஞ்சை உள்கன்னத்தின் ஓரமாக வைத்து, அரை அரை மி.லி.யாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்தது. மல்லாக்கப் படுக்கப்போட்டு, மூக்கைப் பிடித்து, பாலாடையில் ஊற்றுவது நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அழுது மூச்சை உள்ளிழுக்கும் நேரத்தில் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். பால் புட்டியில் கலக்கவும் வேண்டாம், பாதிப் பாலை மிச்சம் வைத்தால் பாதி மருந்தும் அதிலேயே நின்றுவிடும்.

இன்னொரு தப்பு கூட்டுக்குடும்பங்களில் நடப்பது. அம்மா எட்டு மணிக்குக் கொடுத்திருப்பாள், அது தெரியாமல் பாட்டி ஒன்பதரைக்குக் கொடுப்பார். பாராசிட்டமாலுக்கு இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும், 6 மணி நேரம் என்றால் நல்லது. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறதே, அன்றைய தாளிலேயே பேனாவால் ‘8.10 — 6 மி.லி.’ என்று எழுதிவிடுங்கள். ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதினால் பாட்டியின் கண்ணில் படாமல் போகாது. சளிக்கு என்று தரும் கூட்டு மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கணக்கு மீறும்.

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே கூடாது, உடனே ஆஸ்பத்திரி. டெங்கு பரவும் மாதங்களில் மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் ஆகியவற்றை நீங்களாக வாங்கித் தராதீர்கள். ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். காய்ச்சலை முழுக்க இறக்கியாக வேண்டும் என்ற பதற்றமும் தேவையில்லை. குழந்தை கொஞ்சம் தெளிந்து தண்ணீர் குடித்தால் மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. துடைக்க வேண்டுமானால் வெதுவெதுப்பான தண்ணீர், ஐஸ் வேண்டாம். வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், கையில் சாவிக்கொத்து எதுவும் வேண்டாம்.

அடுத்தது வயிற்றுப்போக்கு. இங்கே தப்பு தண்ணீரில் நடக்கிறது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு அளவில் வருகிறது. ஏறக்குறைய 20.5 கிராம் உள்ள பெரியது 1 லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் உள்ள சிறியது 200 மி.லி.க்கு. பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஐந்து மடங்காகி, ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வரை கொண்டுபோய்விடும். ‘குழந்தை லிட்டர் கணக்கில் குடிக்குமா?’ என்று பொட்டலத்தில் பாதியைத் தட்டிக் கரைப்பதும் சரியில்லை. உள்ளே உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பி, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்குங்கள். 24 மணி நேரத்தில் மிச்சமானதைக் கொட்டிவிடலாம், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலம் இலவசம்தான். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. நாக்கில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கரித்தால் எங்கோ தண்ணீர் குறைந்திருக்கிறது.

ஒவ்வொரு தடவை போனதும், இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மி.லி. தாகத்தில் மடமடவென்று குடிக்க விட்டால் அப்படியே வாந்தியாக வரும். வந்தால் 10 நிமிடம் விட்டு, பிறகு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். (இங்கே மட்டும் வீட்டு ஸ்பூன் பரவாயில்லை.) இந்த எளிய கரைசலால் எத்தனை உயிர் நிற்கும் என்பதை, 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் காலராவுக்கு நடுவே காட்டினார். அந்தக் கரைசலின் பெயரையே வைத்துக்கொண்டு இனிப்பு பானங்கள் டப்பாவில் விற்றது இந்த நாட்டில்தான். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானத்தின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்தே வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட 2025 அக்டோபர் ஆயிற்று. சர்க்கரை கூடிய பானம் குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும்.

கூடவே துத்தநாகம், அதாவது ஜிங்க். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மி.கி., இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., மொத்தம் 14 நாள். மூன்றாம் நாளே பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த மாதங்களில் திரும்ப வராமல் இருக்கத்தான் மீதி நாட்கள். தாய்ப்பால், கஞ்சி, இட்லி, வாழைப்பழம் எதையும் நிறுத்த வேண்டாம். உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தால் அது உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்க அலையும் அந்த இரண்டு மணி நேரம் குழந்தைக்கு மிக விலை உயர்ந்தது. மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிக்கவே தெம்பில்லாத துவளல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் கலக்கும் ஆன்டிபயாடிக் பொடி மருந்திலும் இதே கதை. முதலில் புட்டியைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொண்டு, ஆறிய தண்ணீரைக் கோட்டுக்குப் பாதி வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்ப வேண்டும். நுரையையே மட்டம் என்று எடுத்துக்கொண்டால் மருந்து கெட்டியாகும், கழுத்து வரை ஊற்றினால் நீர்த்துப்போகும். புட்டியோடு தனியாகத் தண்ணீர்க் குப்பி வந்தால் அதை முழுக்க ஊற்றினால் போதும். ஒவ்வொரு வேளைக்கும் குலுக்குங்கள். கலக்கிய மருந்துக்குப் பெரும்பாலும் 7 நாள்தான் ஆயுள், தம்பிக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்.

இருமலுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குள் இருமல், சளி சிரப் தரக்கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்பது 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு அரை ஸ்பூன் தேன் போதும். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. சேனை வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனியுங்கள், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும். சளிக்குச் சூடத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதையும் விட்டுவிடுங்கள். வாயில் போட்டால் சிறு கட்டியே வலிப்பை வரவழைக்கும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையும் பிள்ளைகள் கண்ணுக்கு மிட்டாய்தான். அதை டி.வி. மேசையில் வைக்காமல் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காமல், அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

அரசும் மருந்துக்கடைகளும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழந்தை மருந்துப் புட்டிகளில் ‘5 மி.லி.யில் இத்தனை மி.கி.’ என்பது மருந்தின் பெயருக்குக் கீழேயே பெரிய எழுத்தில், தமிழிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு புட்டியோடும் கோடு போட்ட சிரிஞ்சு ஒன்றைச் சேர்த்துத் தருவதைக் கட்டாயமாக்கலாம். அதுவரை கடைக்காரர்கள் சீட்டைப் பார்த்து, அந்தச் சிரிஞ்சில் குறிப்பிட்ட அளவுக்கு மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தாலே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சரியாகக் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலப் பிரிவுச் செவிலியர்கள் சிலர்,
திருச்சி.