ஒரு கிலோமீட்டர் வட்டம்

சிங்கப்பூர்
16 நவம்பர் 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் போட இவ்வளவு நாள் ஆனதற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு இல்லை. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே தினமும் மத்தியானம் மழை. குடை இல்லாமல் யாரும் வெளியே கிளம்புவதில்லை.

பஞ்சப்பூர்ப் பக்கம் தனி வீடா, தில்லைநகரில் பள்ளிக்குப் பக்கத்தில் பழைய அடுக்குமாடி வீடா என்று கேட்டிருந்தாய். புதுப் பேருந்து நிலையம் திறந்ததிலிருந்து அந்தப் பக்கம் மனை விலை கேட்கவே பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். திருச்சி நிலவரம் இப்போது உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது இங்கே நாங்கள் வீடு வாங்கிய கதைதான். அதைச் சொல்கிறேன். அதில் உனக்கு உதவுவது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்.

முதலில் ஒன்றை நினைத்தால் சிரிப்பு வருகிறது. லால்குடியில் உன் அப்பாவோ என் அப்பாவோ வீடு கட்டும்போது பள்ளியைப் பற்றி ஒரு வினாடியாவது யோசித்திருப்பார்களா? தாத்தா கொடுத்த இடம், கட்டினார்கள். பள்ளி திருச்சியில் இருந்தால் பிள்ளை பாசஞ்சர் ரயிலில் போகட்டும், அவ்வளவுதான். டவுன் ஸ்டேஷனில் இறங்கி ஓடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதே நான் இங்கே ஒன்றரை வருடம் வரைபடத்தில் கோடு போட்டு வீடு தேடினேன்.

இந்த ஊர் நடைமுறையைச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையைப் பதிவது இங்கே கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படித்தால் முதல் கட்டத்திலேயே இடம். அப்புறம் பெற்றோர் அங்கே படித்தவர்களாக இருந்தால் ஒரு கட்டம். பள்ளியில் தொண்டூழியம் செய்தவர்கள், பள்ளியோடு சேர்ந்த தேவாலயத்தையோ சீனக் குலச் சங்கத்தையோ சேர்ந்தவர்கள், சமூகத் தலைவர்கள் ஆகியோருக்கு இன்னொரு கட்டம். வெளியூரிலிருந்து வந்து குடியுரிமை வாங்கிய என்னைப் போன்றவனுக்கு மிஞ்சுவது அதற்கும் அடுத்த கட்டம். எல்லாப் பள்ளியும் அந்தக் கட்டத்துக்கென்று தொடக்கத்திலேயே 40 இடங்களை ஒதுக்கி வைக்கும். பேர்பெற்ற பள்ளி என்றால் அந்த 40க்குத்தான் அடிதடி.

இடத்தைவிட ஆட்கள் அதிகமானால் வீட்டு முகவரியைப் பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குடிமக்களுக்கு முதல் உரிமை. பிறகு ஒன்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர், பிறகு அதற்கு வெளியே. நிரந்தரவாசிகள், அதாவது குடியுரிமை வாங்காமல் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்கள், இவர்கள் எல்லாருக்கும் பின்னால். ஒரே வட்டத்துக்குள்ளேயே ஆட்கள் அதிகமானால் கணினிக் குலுக்கல்.

இதனால் என்ன ஆகிறது என்றால், இங்கே வீடு தேடுகிறவன் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் அரசாங்க வரைபடத் தளத்தைப் பார்க்கிறான். அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் எந்தெந்தப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், எது இரண்டுக்குள் என்று பட்டியல் வந்துவிடும். முன்பு பள்ளிக்குள் ஒரு புள்ளியை வைத்து அளந்தார்கள். 2022இலிருந்து பள்ளி நிலத்தின் எல்லைக்கோடு வரைக்கும் அளக்கிறார்கள். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு புளோக்கில், அதாவது அடுக்குமாடிக் கட்டடங்களில், ஒன்று வட்டத்துக்குள், ஒன்று வெளியே. தரகர்கள் விளம்பரத்தில் அறை எண்ணிக்கைக்கு முன்னால் பள்ளியின் பெயரைப் போடுவார்கள்.

நாங்கள் முதலில் பிடோக்கில் பார்த்தோம். அங்கே ரெட் ஸ்வஸ்திகா என்று ஒரு பள்ளி. பெயரைக் கேட்டதும் என் மனைவி கலைக்கு ஒரே சந்தோஷம், நம்ம ஆட்கள் ஆரம்பித்த பள்ளி போல என்று! விசாரித்தால் அது சீனர்களின் அறநிறுவனம் 1951இல் தொடங்கியது. அதோடு அது சிறப்பு உதவித் திட்டப் பள்ளி. அப்படி இங்கே 15 தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும்தான், தமிழ் கிடையாது. ஊரே மோதிக்கொள்ளும் பள்ளிகளில் பல இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. அவற்றின் வாசலிலேயே வீடு வாங்கினாலும் எங்கள் மகள் இனியாவைத் தமிழ் படிக்க வைக்க முடியாது. தரகர் இதை எங்களிடம் சொல்லவில்லை. அவருக்கு அது தோன்றியிருக்கவே இருக்காது.

அப்புறம் கிளமெண்டி. அங்கே தமிழும் இருந்து, பேரும் இருந்த பள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதன் வட்டத்துக்குள் ஒரு வீடும் கிடைத்தது. நான்காவது மாடி, காற்று நன்றாக வரும். விலையும் கஷ்டப்பட்டுக் கட்டிவிடலாம் போல இருந்தது. தரகர் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்: வீட்டுக்காரர் சீனர், அந்த புளோக்கில் இந்தியர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது.

இது உனக்குப் புதிதாக இருக்கும். கழக வீடுகளில், அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில், 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்பதற்காக. இந்தியரும், சீனரோ மலாய்க்காரரோ அல்லாத மற்ற இனத்தவரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, அதற்கு மேல் போகக் கூடாது. நிரம்பிவிட்டால் இந்தியர் விற்றால்தான் இந்தியர் வாங்கலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கணக்கைப் புதுப்பிப்பார்கள். ஐந்து மாதம், முதல் தேதி காலையில் காப்பி குடிப்பதற்கு முன்னால் நான் பார்க்கிற முதல் காரியம் அதுதான். கொள்கையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் எதிர்வீட்டில் மலாய்க் குடும்பம், பக்கத்தில் சீனப் பாட்டி, இப்படி வாழ்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பள்ளி வட்டமும் இந்த ஒதுக்கீடும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, உனக்கென்று மிச்சம் இருக்கும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கடைசியில் இந்தியர் ஒருவர் விற்கிற வீடு கிடைத்தது. 1978இல் கட்டியது. இங்கே கழக வீடு வாங்குவது என்றால் 99 ஆண்டுக் குத்தகைதான், நம் ஊர் மாதிரி பத்திரம் பரம்பரைக்கும் இல்லை. அதில் மீதி 55 ஆண்டு. வாங்குகிறவர்களில் வயது குறைந்தவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்க வேண்டும். இல்லாவிட்டால் சேமநிதிப் பணத்தை (நம் ஊர் பி.எஃப். மாதிரி) வீட்டுக்காக முழுதாக எடுக்க முடியாது. கலைக்கு அப்போது 35. ஐந்து ஆண்டு குறைகிறது. மிச்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். பேர்பெற்ற பள்ளிகள் பெரும்பாலும் பழைய பேட்டைகளில், வீடும் அங்கே பழசு.

அதுகூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தோம். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, பிள்ளை நடக்கிற மாதிரி நடந்து பார்ப்போம் என்று அங்கே போனேன். வட்டத்தை நேர்க்கோட்டில் அளக்கிறார்கள் என்பது அப்போதுதான் காலுக்கு உறைத்தது. நடுவில் விரைவுச்சாலை. நடைபாலம் எங்கேயோ தள்ளி இருக்கிறது. சுற்றிக்கொண்டு போனால் எனக்கே 24 நிமிடம். ஆறு வயதுக் குழந்தை, முதுகில் மூட்டை, ஏழரைக்குப் பள்ளி. இதற்காகவா இவ்வளவு என்று பாலத்தின் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அதே சமயத்தில்தான் அலுவலக நண்பர் ஒருவர் கதையும் நடந்தது. வட்டத்துக்குள் வீடு வேண்டும் என்று 80,000 வெள்ளி (இந்த ஊர் டாலர்) கூடக் கொடுத்து வாங்கினவர். ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே குலுக்கல் வந்து, அவர் பிள்ளைக்கு இடம் விழவில்லை. வேறு பள்ளி. அந்தப் பள்ளியின் பேருந்து தினமும் காலையில் கிடைக்காமல் போன பள்ளியின் வாசல் வழியாகத்தான் போகிறதாம். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் மனைவி இன்னும் சிரிக்க ஆரம்பிக்கவில்லை.

தொண்டூழியக் கட்டத்தையும் முயன்றோம், மறைப்பானேன். 40 மணி நேரம் பள்ளியில் வேலை செய்தால் முன்னுரிமை. நூலகத்தில் புத்தகம் அடுக்குவது, காலையில் சாலை கடக்க உதவுவது மாதிரி. கலை இரண்டு பள்ளிகளுக்கு எழுதினாள். ஒன்றில் ஆள் போதும் என்றார்கள். இன்னொன்றிலிருந்து பதிலே இல்லை.

சிலர் வட்டத்துக்குள் வாடகைக்கு வீடு பிடித்துப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்புவதும் உண்டு. அதைத் தடுக்கத்தான், தூரத்தைக் காட்டி இடம் வாங்கினால் அதே முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்று விதி. கல்வி அமைச்சு தன் பங்குக்கு, எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியே என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. கேட்கிற காது வேண்டுமே! மாதக் கட்டணம் எல்லாப் பள்ளியிலும் குடிமக்களுக்கு 13 வெள்ளிக்கு மேல் போகாது. பணக்காரப் பள்ளி, ஏழைப் பள்ளி என்று கட்டணத்தில் வித்தியாசம் இல்லாததால், அந்த வித்தியாசத்தை எல்லாரும் வீட்டு விலையில் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. பள்ளியும் அங்கேயே இருக்கும் என்று என்ன நிச்சயம்? பார்க்கர் ரோட்டில் இருக்கிற பழம்பெரும் ஆங்கிலோ சீனத் தொடக்கப் பள்ளி 2030இல் தெங்கா என்ற புது நகருக்குப் போகிறது. 2023இல் இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை 0.97க்கு இறங்கிவிட்டது. பழைய பேட்டைகளில் பிள்ளைகள் குறைந்து, இரண்டு பள்ளிகளை ஒன்றாக்குவது அடிக்கடி நடக்கிறது. வீட்டுக் கடனோ 25 வருடம்.

சரி, எங்கே வாங்கினோம் என்று கேட்பாய். சுவா சூ காங்கில். பள்ளி எங்கள் புளோக்கிலிருந்து நான்கு நிமிட நடை, சாலை கடக்க வேண்டியதில்லை. யாரும் அந்தப் பள்ளியின் பெயரைச் சொல்லி வீடு விற்பதில்லை. போன வருடம் பதிந்தபோது குலுக்கலே வரவில்லை, இடம் மிச்சம் இருந்தது. தமிழ் இருக்கிறது. இனியா வகுப்பில் தமிழ் எடுக்கிறவர்கள் 14 பேர். ஆசிரியை தேவகோட்டைக்காரர், பிள்ளைகளைப் பாட வைத்தே எழுத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு வருடம் இங்கே தேர்வே கிடையாது என்பதால் வீட்டில் சண்டையும் குறைவு. காலையில் துணி காயப்போடும்போது கீழே பள்ளியில் தேசிய கீதம் கேட்கும், மேலே நின்றபடியே இனியாவின் வரிசையைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறாள் கலை.

எல்லாம் திருப்தி என்று எழுதினால் பொய். கிளமெண்டிப் பள்ளிப் பிள்ளைகள் எதிலாவது பரிசு வாங்கிய செய்தி வந்தால் கலை அன்றைக்குக் கொஞ்சம் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். எனக்கும் இருக்கிறது அது. ஆறாம் வகுப்பு முடிவில் வரும் பெரிய தேர்வின்போது என்ன நினைப்போமோ, அப்போது எழுதுகிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே தனியார் பள்ளி உன் முகவரியைப் பார்த்து இடம் தருவதில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடங்களுக்கு மட்டும்தான் ஒரு கிலோமீட்டர் கணக்கு, அதுவும் உனக்குப் பொருந்தாது. அதனால் உனக்குத் தூரம் என்பது வேன்தான். பஞ்சப்பூர் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கிருந்து பள்ளி வரைக்கும் உன் வண்டியில் போய்ப் பார். நேராக இல்லை, வேன் சுற்றுகிற வழியில். வேன்காரரிடம் முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு ஏற்றுகிறார் என்று கேள், அந்த முதல் பிள்ளை உன் பையனாகத்தான் இருப்பான். நான் ஒரே ஒரு காலைதான் அந்தப் பாலம் வரை நடந்தேன், அதுவே போதுமாக இருந்தது. தில்லைநகர் வீட்டை எடுப்பதாக இருந்தால் மனையில் உன் பங்கு எவ்வளவு என்பதைப் பத்திரத்தில் பார்த்துக்கொள். பழைய கட்டடத்தை நாளைக்கு இடித்துக் கட்டும்போது அதுதான் பேசும்.

டிசம்பர் 20 வாக்கில் வருகிறோம், மூன்று வாரம் இருப்போம். அம்மாவுக்கு இங்கிருந்து என்ன வேண்டும் என்று கேட்டு எழுது, தைலம் எப்படியும் வாங்கி வருகிறேன். இனியாவை ஒரு நாள் லால்குடியிலிருந்து டவுன் வரைக்கும் ரயிலில் கூட்டிப்போக வேண்டும். நாங்கள் இப்படித்தான் பள்ளிக்குப் போனோம் என்று சொன்னால், தினமுமா என்று கேட்கிறாள். நீயும் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வாடா. அவள் நம்ப ஒரு சாட்சி வேண்டும்.

அன்புடன்,
முரளி